எம்.ஆர்.ஐ.யில் ‘பளிச்’னு தெரிந்தால் மருந்து அதிகமா?

எம்.ஆர்.ஐ.யில் ஊசி வழியே ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தில் இருப்பது கடோலினியம். வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். புற்றுநோய்க் கட்டிக்குள் அது எவ்வளவு, எவ்வளவு வேகமா போகுதுன்னு தெரிந்தால், சிகிச்சை பலன் தருகிறதா என்று கணிக்கலாம்.

சிக்கல் என்னன்னா, ஸ்கேனர் கடோலினியத்தைப் பார்ப்பதே இல்லை. அருகிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் இயல்புநிலைக்குத் திரும்பும் நேரத்தை (டி1) அது குறைப்பதைத்தான் பார்க்கிறது. மருந்து இரு மடங்கானால் வெளிச்சமும் இரு மடங்காகாது. சிறுநீர்ப்பையில் மருந்து மிக அடர்த்தியாகச் சேர்ந்தால், அந்த இடம் கறுப்பாகவே தெரியும்!

அதனால் ஊசிக்கு முன்பே டி1-ஐ அளக்கணும். ஊசிக்குப் பின் 1/டி1 எவ்வளவு கூடியது என்பதை, மருந்தின் ‘ரிலாக்ஸிவிட்டி’ எண்ணால் வகுத்தால் செறிவு கிடைக்கும். அந்த எண் மருந்துக்கு மருந்து, 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். முதல் அளவு தப்பினால், சிகிச்சைக் கணிப்பும் தப்பும்.