குழந்தைக் கண்புரை: அறுவைக்குப் பின் பார்வை

பிறவிக் கண்புரையை எடுத்தபின் குழந்தைக்கு எவ்வளவு பார்வை கிடைக்கும் என்பது பெரிதும் நாள்கணக்கைப் பொறுத்தது. பெரியவருக்குச் சில மாதம் கழித்து எடுத்தாலும் பழைய பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். கைக்குழந்தைக்கு அப்படியில்லை. தெளிவான பிம்பம் வராத கண்ணால் பார்க்க மூளை கற்றுக்கொள்வதே இல்லை. அடர்ந்த புரை ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் சுமார் 6 வாரத்துக்குள்ளும், இரு கண்ணிலும் இருந்தால் சுமார் 8 வாரத்துக்குள்ளும் அகற்றுவது நல்லது. ஆனால் நடக்கத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்கு வந்து சேரும் குழந்தைகள் உண்டு.

வீட்டிலேயே கழியும் வாரங்கள்

'புரை முற்றட்டும்' என்பது முதியோருக்கே இன்று பொருந்தாத பழைய பேச்சு. 'மயக்க மருந்தைப் பிஞ்சு தாங்காது' என்பது அடுத்தது. குழந்தை மயக்கவியல் மருத்துவர் இருக்கும் இடத்தில் சில வாரக் குழந்தைக்கும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று கொண்டாடும் வீடுகளும் உண்டு. அது பார்வை போய்க்கொண்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் புரையைக் கரைக்காது. கண்ணில் கிருமி சேர்வதுதான் மிச்சம். கண்மணி வெள்ளையாகத் தெரிவது விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும் என்பதால் இந்தக் கைவைத்தியம் உயிருக்கே உலை வைக்கலாம்.

சிகிச்சைக்குப் பிறகு

ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்த 114 குழந்தைகளை 7 மாத வயதுக்குள் அறுவை செய்து அமெரிக்காவில் பல ஆண்டுகள் கவனித்தார்கள். பத்து வயதில் ஏறத்தாழ கால் பங்குக் குழந்தைகளுக்கே அந்தக் கண்ணில் நல்ல பார்வை இருந்தது. கண்ணுக்குள் லென்ஸ் வைத்தவர்களுக்கும் கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களுக்கும் பார்வையில் வேறுபாடில்லை. உள்லென்ஸ் வைத்தவர்களுக்கு மறு அறுவை மட்டும் கூடுதலாகத் தேவைப்பட்டது.

வளரும் கண்ணில் பவர் மாறிக்கொண்டே இருக்கும். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி, புரை எடுத்த கண்ணைப் பழக்க வேண்டும். குழந்தை அழுகிறது என்று இதை நிறுத்துவதுதான் பலரின் பார்வையைக் கெடுக்கிறது. கண் அழுத்த நோய் பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். பவரும் கண் அழுத்தமும் தொடர்ந்து பார்க்கப்படும்.

தடுக்கக்கூடியவை

கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாயைத் தாக்கும் ருபெல்லா, சிசுவுக்குப் புரையை உண்டாக்கும். இதை 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டறிந்தார். தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி 2017 முதல் இலவசமாகப் போடப்படுகிறது. காய்ச்சல் வருமே என்று தயவுசெய்து இரண்டாம் தவணையைத் தவறவிட வேண்டாம். கண் அரிப்புக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும், மாதக்கணக்கில் விட்டால், புரையையும் கண் அழுத்த நோயையும் கொண்டுவரும். பழைய சீட்டைக் காட்டி அதே பாட்டிலை மறுபடி வாங்கவே கூடாது.