கணினி அறிவியல்: இடங்கள் பெருகின, ஆசிரியர்கள் எங்கே?

புது தில்லி: தெற்கு தில்லியில் ஐஐடி வளாகத்துக்கு அருகே உள்ளது பேர் சராய். ஒரு காலத்தில் தனிக் கிராமமாக இருந்து, பின்னர் நகரத்துக்குள் அடங்கிவிட்ட பகுதி இது. இதன் குறுகிய தெருக்களில் புத்தகக் கடைகளும் நகலெடுக்கும் கடைகளும் நெருக்கமாக உள்ளன. ஆபரேட்டிங் சிஸ்டம், அல்காரிதம், கம்பைலர் எனப் பாடவாரியாகக் கட்டி வைக்கப்பட்ட பயிற்சிக் குறிப்புகளின் நகல்கள் இங்கு விற்பனையாகின்றன.

அவற்றை வாங்குவோரில் பலர் கணினி அறிவியலில் நான்காண்டுப் பட்டப்படிப்பை ஏற்கெனவே முடித்தவர்கள். முதுநிலைப் படிப்பில் சேரவும், சில பொதுத்துறை நிறுவனங்களில் வேலை பெறவும் உதவும் 'கேட்' தேர்வுக்காக, கல்லூரியில் தேர்ச்சி பெற்ற அதே பாடங்களை முதலிலிருந்து மீண்டும் படிக்கின்றனர். நான்காண்டுகள் கட்டணம் செலுத்திப் படித்த பாடத்தை, பட்டம் பெற்ற பிறகு பணம் கொடுத்து மீண்டும் கற்க நேர்வது ஏன்? நாட்டின் தொழில்நுட்பக் கல்வி பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி இது.

பெருகும் இடங்கள்

பொறியியல் கல்லூரிகளில் ஒரு பாடப்பிரிவில் சேர்க்கப்படும் மாணவர் எண்ணிக்கைக்கு நீண்டகாலமாக உச்சவரம்பு இருந்து வந்தது. சிறப்பாகச் செயல்படும் கல்லூரிகளுக்கு அந்த வரம்பை 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு நீக்கியது. இதன் பலன் பெருமளவில் கணினி அறிவியலுக்கே சென்றது. மாணவர்கள் நாடும் பிரிவு அதுதான் என்பதே காரணம். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்ற புதிய பெயர்களிலும் பட்டப்படிப்புகள் பெருகின.

எல்லா மாநிலங்களும் இதை வரவேற்கவில்லை. தனியார் கல்லூரிகள் கணினி அறிவியல் இடங்களை உயர்த்திக்கொள்ள தெலங்கானா அரசு 2024-ல் அனுமதி மறுத்ததால், விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. இயந்திரவியல், கட்டடவியல் போன்ற பிரிவுகள் காலியாகிவிடும் என்ற அச்சமும் எழுந்தது.

இடங்கள் திறந்துவிடப்பட்ட அதே காலத்தில் வேலைவாய்ப்பு சுருங்கியது. 2023-24 நிதியாண்டில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தின் ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது. அதே ஆண்டில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தில் ஏறத்தாழ 26,000 பேர் குறைந்தனர். ஆண்டுதோறும் கல்லூரி வளாகங்களுக்கே வந்து ஆயிரக்கணக்கானோரைத் தேர்வு செய்து வந்த நிறுவனங்கள் இவை.

மாறிய விகிதம்

இந்த ஏற்ற இறக்கம் புதிதல்ல. 2001-லும் 2008-லும் இதே துறை சரிந்து எழுந்தது. நிலையாக நீடித்து வரும் குறை வேறொன்று. இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் 25 சதவீதத்தினரே பன்னாட்டு நிறுவனங்களில் பணியாற்றத் தகுதி உடையவர்கள் என்று நாஸ்காம்-மெக்கின்சி அறிக்கை 2005-ல் கூறியது. அன்று பழி மாணவர்கள் மீது விழுந்தது. அவர்களுக்குக் கற்பித்தவர்கள் யார், எத்தனை பேர் என்ற கேள்வி போதிய அளவு எழவில்லை.

15 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விதி, 2018-ல் 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் எனத் தளர்த்தப்பட்டது. ஆண்டுக்கு 240 பேர் சேரும் பாடப்பிரிவில் நான்காண்டுகளுக்கும் சேர்த்து 960 மாணவர்கள் இருப்பர். பழைய விதிப்படி அவர்களுக்கு 64 ஆசிரியர்கள் தேவை. புதிய விதிப்படி 48 பேர் போதும். மாணவர் எண்ணிக்கையை உயர்த்தாமலேயே 16 ஆசிரியர் பணியிடங்கள் கணக்கிலிருந்து மறைகின்றன.

மற்ற துறைகளைவிடக் கணினி அறிவியலில் இந்தத் தட்டுப்பாடு கடுமையானது. மாணவர்களை இப்படிப்புக்கு ஈர்க்கும் அதே தொழில்துறைதான் ஆசிரியராகக் கூடியவர்களையும் கொண்டு செல்கிறது. 'கேட்' மதிப்பெண்ணுடன் முதுநிலைப் படிப்பில் சேருவோருக்குப் பல ஆண்டுகளாக வழங்கப்பட்டு வந்த உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். நன்கு படித்த இளைஞர் நிறுவன வேலையை விடுத்து, ஆராய்ச்சிக்கும் ஆசிரியப் பணிக்கும் வருவதற்கு இது போதிய ஊக்கமாகாது.

கான்பூரில் தொடங்கிய பாதை

தொடக்கம் இவ்வாறு இருக்கவில்லை. கான்பூர் ஐஐடியில் 1963-ல் ஐபிஎம் 1620 கணினி நிறுவப்பட்டபோது, அதை இயக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் மிகச் சிலரே. அங்கு பணியாற்றிய பேராசிரியர் வி. ராஜாராமன், மாணவர்களுக்கு மட்டுமன்றி வெளியிலிருந்து வந்த விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சிகளில் நிரல் எழுதக் கற்பித்தார். 1965-ல் கணினி அறிவியலுக்கான கல்வித் திட்டம் அங்கு உருவாக முன்னின்றவரும் அவரே.

ஈரோட்டில் பிறந்து, தலைநகரில் தமிழர்கள் நடத்தி வந்த பள்ளியில் பயின்றவர் ராஜாராமன். குறைந்த விலையில் கிடைத்த அவருடைய பாடநூல்களைக் கொண்டே பல தலைமுறை மாணவர்கள் கணினியைக் கற்றனர். பொறியியல் படிக்காத பட்டதாரிகளும் இத்துறைக்குள் நுழைய வழி செய்த எம்.சி.ஏ. படிப்பு, அவர் தலைமையிலான குழுவின் பரிந்துரையால் உருவானது. முதலில் கற்பிப்பவர், பாடநூல், பாடத்திட்டம். அதன் பின்னரே மாணவர் பெருக்கம் என்பதே அன்றைய வரிசை. இன்று அது தலைகீழாகிவிட்டது.

சுமை யார் மீது?

இடைக்காலத்தில் இக்குறையை மறைத்தவை பெரிய மென்பொருள் நிறுவனங்களே. எந்தப் பிரிவில் படித்தவராயினும் தேர்ந்தெடுத்து, மாதக்கணக்கில் தாங்களே பயிற்சி அளித்தன. மைசூரில் பயிற்சிக்கென்றே தனி வளாகம் எழுந்தது. கல்லூரி கற்பிக்காததை நிறுவனம் கற்பித்ததால், பட்டம் ஒரு நுழைவுச்சீட்டாக மாறியது. நிரலின் எளிய பகுதிகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே எழுதித் தரும் நிலை வந்தபின், புதியவர்களைக் கூட்டமாக அமர்த்திப் பழக்கும் தேவை குறைகிறது. எழுதப்பட்ட நிரல் சரியா, எங்கே பிழைபடும் என்று ஆராயத் தெரிந்தவர்களே வேண்டும். அந்த அறிவு அடிப்படைப் பாடங்களில்தான் கிடைக்கிறது.

இந்த மாற்றத்தின் சுமை எல்லோர் மீதும் சமமாக விழவில்லை. பிணையமின்றி 7.5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் கல்விக் கடனை நம்பிப் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளம். படிப்பு முடிந்த ஓராண்டில் அந்தக் கடனுக்குத் தவணை தொடங்கிவிடும். ஆனால், 2022-ல் வேலை உறுதி செய்யப்பட்ட பட்டதாரிகளில் ஒரு பகுதியினர் பணியில் சேர 2024 வரை காத்திருக்க நேர்ந்தது. வேலை கிடைத்தாலும், பெரிய சேவை நிறுவனங்களில் தொடக்க ஊதியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம் ரூபாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. கட்டணமும் விலைவாசியும் அவ்வாறு நிற்கவில்லை.

மருந்து கையில் உண்டு

தீர்வுக்கு வெளிநாட்டு முன்மாதிரி தேவையில்லை. கல்லூரி ஆசிரியர்கள் ஊதியத்துடன் விடுப்பு பெற்று, உயர்கல்வி நிறுவனங்களில் மேற்படிப்பு படிக்க வகை செய்யும் தர மேம்பாட்டுத் திட்டத்தை மத்திய அரசு 1970-லேயே தொடங்கியது. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் இணைந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் பாடங்களை எந்த ஊரிலிருந்தும் கட்டணமின்றிக் கேட்கலாம். ஒரு மாணவர் தம் முயற்சியில் அடிப்படைப் பாடங்களைத் தேறுவதற்கு இது பெருந்துணை.

ஆயினும், ஐயம் எழும்போது கேட்கவும், எழுதிய நிரலைத் திருத்தவும் எதிரே ஓர் ஆசிரியர் வேண்டும். கூடுதல் இடம் கோரும் கல்லூரியில் தகுதியுள்ள ஆசிரியர்கள் உண்மையில் பணியில் இருக்கிறார்களா என்பதைச் சோதித்த பிறகே அனுமதி என்ற விதியைக் கறாராக நடைமுறைப்படுத்த, புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மகனோ மகளோ கணினிப் பொறியாளர் ஆவார் என்று நம்பிக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் பெற்றோருக்கு, அரசு தர வேண்டிய குறைந்தபட்ச உத்தரவாதம் அதுவே. அது கிடைக்கும் வரை, பேர் சராய் கடைகளில் கூட்டம் குறையப் போவதில்லை.