போர்ட்டைப் பெரிசாக்கினால் பவர் கூடுமா?

மெக்கானிக்கல் பிரிவில் படிக்கிற நம்மில் பாதிப் பேருக்கு ஓர் ஆசை உண்டு. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, போர்ட்டுக்குள் கிரைண்டரை விட்டு நாலு சுற்றுச் சுற்றினால் வண்டி பறக்கும் என்று! எனக்கும் அந்த ஆசை இருந்தது. அதனால் ஒரு ஹெட் வீணாய்ப் போனது. அதுவும் என் மாமாவுடைய பழைய புல்லட் ஹெட். எப்படி வீணானது என்பதைச் சொன்னால் போர்ட்டிங் என்றால் என்ன என்பதும் தானாக விளங்கிவிடும்.

முதலில் அடிப்படை. எஞ்சின் என்பது ஒரு காற்றுப் பம்புதான். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அதை எரிக்கக் காற்று வேண்டுமே! 346 சி.சி. புல்லட் ஒவ்வொரு சக்ஷன் ஸ்ட்ரோக்கிலும் 346 சி.சி. காற்றை முழுசாக இழுத்துவிடுவதில்லை. கார்புரேட்டர், போர்ட், வால்வு என்று வழியெல்லாம் தடங்கல். வந்த காற்றுக்கும் வரவேண்டிய காற்றுக்கும் உள்ள விகிதம்தான் வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி. 2 மார்க் கேள்விக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறோமே, அதேதான். அதைக் கூட்டுகிற வேலைக்குப் பெயர்தான் போர்ட்டிங்.

மாமாவுக்கு ஏற்காட்டில் தோட்ட வேலை. சேலத்திலிருந்து 20 ஹேர்பின் வளைவுகளையும் அந்த புல்லட்டில்தான் ஏறுவார். ஒரு லீவில் கார்பன் சுரண்டுவதற்காக ஹெட்டைக் கழற்றினோம். நான் லீவு நாட்களில் போய் வேலை பழகும் பட்டறை அது. மெக்கானிக் அண்ணன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, இன்டேக் போர்ட்டைச் சுற்றிலும் நன்றாகக் கடைந்து, எமரி போட்டு, முகம் பார்க்கிற மாதிரி பாலிஷும் பண்ணிவிட்டேன். திரும்பி வந்தவர் திட்டவில்லை. விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார்.

“ஓட்டையப் பெரிசு பண்ணிட்டே தம்பி. காத்து எங்கே திரும்புதுன்னு பாத்தியா?”

எனக்குப் புரியவில்லை. ஒரு வாரம் கழித்து மாமா வந்து, “மாப்ளே, வண்டிக்கு என்னடா பண்ணுனே? செகண்டுல ஏறுன வளைவெல்லாம் இப்ப ஃபர்ஸ்ட்டு கேக்குது” என்றபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

ஏன் இப்படி? கால்குலேட்டர் இருந்தால் நீங்களே போட்டுப் பாருங்கள். புல்லட்டின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. மலை ஏறும்போது 1500 ஆர்.பி.எம். என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 4.5 மீட்டர். போர்ட்டின் விட்டம் கணக்குக்காக 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் பரப்பு போர்ட் பரப்பைப் போல 7.84 மடங்கு. ஆகவே போர்ட்டில் காற்று சராசரியாக விநாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் ஓடும். அதையே 30 மி.மீ. ஆக்கினால் வேகம் 24.5 மீட்டராக இறங்கிவிடுகிறது. விட்டத்தில் கூட்டியது 5 மி.மீ.தான், போன வேகம் 30 சதவீதம்!

வேகம் போனால் என்ன என்று கேட்கலாம். இன்டேக் வால்வு பி.டி.சி.யில் மூடுவதில்லை, பிஸ்டன் மேலே திரும்பிக் கொஞ்ச தூரம் வந்த பிறகே மூடுகிறது. வால்வு டைமிங் படம் வரைந்திருக்கிறோம், ஞாபகம் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் காற்று தன் ஓட்டத்தின் வேகத்தாலேயே உள்ளே திணித்துக்கொண்டு வரவேண்டும். வேகம் இல்லாவிட்டால் பிஸ்டன் அதைத் திருப்பி வெளியே தள்ளிவிடும். போதாக்குறைக்கு, மெதுவான காற்றில் பெட்ரோல் துளிகள் மிதக்காமல் போர்ட் சுவரில் ஒட்டிக்கொள்ளும். என் கண்ணாடி பாலிஷ் இங்கேதான் கெடுதல் செய்தது. கார்புரேட்டர் வண்டியில் இன்டேக் சுவர் லேசாகச் சொரசொரவென்று, 80-ஆம் நம்பர் எமரி போட்ட அளவில் இருந்தால் போதும். பாலிஷ் பண்ணியே தீருவேன் என்றால் எக்ஸாஸ்டில் பண்ணுங்கள், கார்பன் சீக்கிரம் பிடிக்காது.

சரி, மேல் வேகத்திலாவது லாபமா? அதுவும் இல்லை. முன்னால் நிற்கிற கார்புரேட்டர் 24 மி.மீ.தானே! வாசல் சின்னதாக இருக்கும்போது கூடத்தை இடித்துக் கட்டி என்ன பிரயோஜனம்?

இனி அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். போர்ட் படுக்கையாக வந்து வால்வுக்கு மேல் சட்டென்று கீழே திரும்புகிறது. இந்தத் திருப்பத்தின் உள்பக்கத்தை ‘ஷார்ட் சைடு’ என்பார்கள். வேகமாக வரும் காற்று அந்த முனையை ஒட்டித் திரும்ப முடியாமல் சுவரை விட்டு விலகிப் போகும். வேகமாக வருகிற பஸ் வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்குமே, அப்படி. அப்போது வால்வின் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். நான் செய்த பெரிய தப்பு, கிரைண்டர் சுலபமாக எட்டுகிறதே என்று அந்த உள்பக்கத்தையே அதிகம் கடைந்து முனையைக் கூர்மையாக்கியதுதான். அதைத் தொடவே கூடாது என்பதில்லை. கூர்மையை எடுத்து உருட்டையாக்கலாம், தாழ்த்தக் கூடாது.

அப்படியானால் எங்கேதான் கை வைப்பது? சீட்டுக்கு ஒட்டினாற்போல் உள்ள கிண்ணம் போன்ற பகுதியில். வார்ப்பும் சீட் வளையமும் சேருகிற இடத்தில் ஒரு படி நிற்கும். அதைச் சமமாக்க வேண்டும். வால்வு கைடைச் சுற்றியுள்ள மொத்தையைப் படகின் முனை மாதிரி ஒல்லியாக்கலாம். முழுக்க எடுத்துவிட்டால் கைடுக்குப் பிடிமானம் போய்விடும். அடுத்து சீட். 45 டிகிரி சீட்டுக்கு மேலும் கீழும் 60, 30 டிகிரியில் வெட்டினால் காற்று மூன்று தவணையாக வளைந்து இறங்கும். வால்வு கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது போர்ட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தச் சந்துதான் அளவை முடிவு செய்கிறது. வால்வு விட்டத்தில் கால் பங்கு லிஃப்ட் வரும்போதுதான் சுற்றியுள்ள சந்தின் பரப்பு வால்வின் பரப்புக்குச் சமமாகிறது (πDL = πD²/4 என்று போட்டால் வந்துவிடும்). என்னைக் கேட்டால், கையில் காசு குறைவென்றால் போர்ட்டை விட்டுவிட்டு சீட் வேலையை மட்டும் நல்ல இடத்தில் கொடுத்துச் செய்யுங்கள்.

காற்று கண்ணுக்குத் தெரியாது, அதனால் அளந்துதான் பார்க்கவேண்டும். ஜாகுவார் எக்ஸ்.கே. எஞ்சின் ஹெட்டில் வேலை செய்த இங்கிலாந்துக்காரர் ஹாரி வெஸ்லேக் பெயர் பெற்றதே இப்படிக் காற்றை ஓட்டி அளந்துதான். நானும் பழைய இரும்புக் கடையில் இன்னொரு ஹெட் வாங்கி, ஒரு வேக்குவம் கிளீனரையும் தண்ணீர் ஊற்றிய யு-ட்யூப் மானோமீட்டரையும் வைத்துப் பரிசோதித்தேன். வால்வை ஒவ்வொரு மி.மீ. ஆகத் திறந்து மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைவதற்கு முன்னால் களிமண்ணை அங்கங்கே அப்பிப் பாருங்கள். இடத்தை அடைத்தும் காற்று குறையவில்லை என்றால் அந்த இடம் சும்மா கிடக்கிறது என்று அர்த்தம். அலுமினியம் பல்லில் அப்பிக்கொள்ளும் என்பதால் பர் பிட்டை அடிக்கடி மண்ணெண்ணெயில் நனைக்க வேண்டும். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

இரண்டாவது ஹெட்டில் நான் எடுத்த உலோகம் ஒரு டீஸ்பூன்கூட இராது. மாமா மறுபடி செகண்டிலேயே வளைவு ஏறுகிறார். எத்தனை குதிரைசக்தி கூடியது என்று டைனமோமீட்டரில் போடாமல் சொல்லமாட்டேன்.

வீணான ஹெட்டைப் போர்ட்டின் நடுவாக ஹாக்ஸா போட்டு அறுத்தோம். ஷார்ட் சைடில் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். நமது ஐ.சி. எஞ்சின் லேபில் ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறது. கிரைண்டரை எடுக்குமுன் ஒருமுறை போய் விரலால் தடவிப் பாருங்கள்.