இருமலுக்கு ஆடாதோடை: எத்தனை நாள்?

ஆடு தொடாத இலை என்பதால் ஆடாதோடை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அத்தனை கசப்பு! தெலுங்கில் அட்டசரம், வடமொழியில் வாசா. சனத்நகரில் எங்கள் வீட்டு மதிலோரம் ஒரு செடி வைத்திருக்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் சளி கட்டி இருமல் விடாமல் வந்தபோது, நாலைந்து இலையை இரண்டு டம்ளர் நீரில் போட்டு அரை டம்ளராகச் சுண்டக் காய்ச்சி, தேன் கலந்து இருவேளை குடித்தேன். நான்காம் நாள் சளி இளகியது. இரவில் தூங்க முடிந்தது.

இது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. இந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டே 1960-களில் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து வந்தது. டாக்டர்கள் எழுதித் தரும் அம்ப்ராக்சால் அதன் வழிவந்தது. ஆனால் வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஆகவே கர்ப்பிணிகளுக்கு இக்கஷாயம் ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கஷாயம் இருமலைத் தணிக்குமே தவிர, காசநோய்க் கிருமியை ஒழிக்காது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் மூன்று மாதம் கஷாயத்திலேயே காலம் கடத்தினார். காசநோய் என்று தெரிந்து, ஆறு மாத மருந்தில் குணமானார். ஆனால் அதற்குள் பேரனுக்கும் தொற்றிவிட்டது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் கண்டாலோ, உடனே சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். பக்கத்து எர்ரகட்டாவில் அரசு நெஞ்சக மருத்துவமனையும் உண்டு, அரசு ஆயுர்வேத மருத்துவமனையும் உண்டு. கஷாயம் குடிப்பவர்கள் நாளையும் எண்ணிக்கொண்டு குடிப்பது நல்லது.