மீன் தின்னும் பருத்திக்கொட்டை!

திருப்பூர் மாவட்டம் மூலனூரில் பருத்தி ஏலம் பிரசித்தம். பஞ்சு நூலாகும், நூல் துணியாகும். கொட்டை? எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் புண்ணாக்கை மாடு தின்னும். மீனும் தின்னும்!

கட்லா, ரோகு வளர்ப்பவர்கள் தவிட்டோடு கடலைப் புண்ணாக்கைக் கலந்து போடுவது வழக்கம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு அதைவிட மலிவு. ஆனால் அதில் ஒரு குறை உண்டு.

லைசின் பற்றாக்குறை

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அவற்றில் 10 அமிலங்களை மீன் தீனியிலிருந்துதான் பெற வேண்டும். அந்தப் பத்தில் ஒன்று லைசின். பருத்திக்கொட்டையில் அது குறைவு. இருப்பதிலும் ஒரு பகுதியை, எண்ணெய் எடுக்கும்போது எழும் சூட்டில், கொசிபால் என்ற மஞ்சள் நச்சுப்பொருள் பற்றிக்கொள்கிறது. லைசின் போதாவிட்டால் மற்ற ஒன்பதும் இருந்தும் மீன் சதை பிடிக்காது. வீணாகும் புரதம் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேறும். குளத்து நீர் கெடும். தீனிக்குக் கொடுத்த காசும் நீரோடு போகும்!

ஜப்பானியர் கண்ட வழி

நுண்ணுயிரைச் சர்க்கரை நீரில் வளர்த்து லைசின் எடுக்கும் முறையை ஜப்பானியர் 1958-ல் வெளியிட்டார்கள். இன்று அது பொடியாகக் கிடைக்கிறது. 100 கிலோ தீனிக்குச் சில நூறு கிராம் போதும். அதைக் குளத்தில் தூவினால் கரைந்துவிடும். தீனியோடு பிசைந்து, குருணையாக்கி உலர்த்த வேண்டும்.

லைசின் சேர்த்தாலும் கொசிபால் முழுதும் போய்விடாது. ஆகவே மீனுக்குப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கை அளவாகத்தான் போட வேண்டும். மிச்சம் மாட்டுக்கு!