தீர்ப்பில் நின்ற பெயர்

1994-ஆம் ஆண்டில், மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ பத்திரிகை தொடராக வெளியிட முற்பட்டபோது, உயர் அதிகாரிகள் சிலரோடு அவருக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட தொடர்புகளெல்லாம் அதில் அடங்கியிருந்த நிலையில், சிறைத்துறையின் தலைமை அதிகாரி அந்தப் பிரசுரத்தை ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். பத்திரிகைத் தரப்பினர் நேரே உச்ச நீதிமன்றத்தை நாடினர். அவ்வாண்டு அக்டோபரில் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, தன் குடும்பம், விவாகம், சந்ததி, கல்வி முதலிய சொந்த விஷயங்களைத் தன் சம்மதமின்றிப் பிறர் எழுதாதபடி காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டென்று ஒப்புக்கொண்டது. ஆனால் உத்தியோகக் கடமையைப் பற்றிய விமரிசனத்துக்கு அதிகாரிகள் அந்த உரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்றும், கோர்ட்டு ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் ஏறிவிட்ட செய்தியைப் பிரசுரிக்க எவருடைய சம்மதமும் வேண்டியதில்லை என்றும், பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் போன்றவை மாத்திரமே இதற்கு விலக்கு என்றும் அது வரையறுத்தது.

பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அரணாக அமைந்த அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். எனினும் அது எழுதப்பட்ட காலத்தில், ஒரு வழக்கின் ஆவணத்தைப் பார்க்க விரும்புகிறவர் வழக்கு எண்ணும் வருஷமும் தெரிந்து, நகல் கேட்டு மனுப்போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அந்தச் சிரமந்தான், எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாமலே, சாமானிய மனிதனின் மானத்தைக் காத்து நின்றது. இன்றோ பெண் பார்க்க வருகிறவரும், வீடு வாடகைக்கு விடுகிறவரும், வேலைக்கு ஆள் எடுக்கிறவரும் ஒரு பெயரைக் கைபேசியில் தட்டிய மாத்திரத்தில், அந்தப் பெயர் எந்தத் தீர்ப்பில் எந்த நிலையில் இடம்பெற்றிருந்தாலும் அது கண்முன் வந்து நிற்கிறது. தலைப்பில் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்ற சொல்லைக் கண்டவர், கடைசிப் பக்கத்தில் ‘விடுதலை’ என்று எழுதியிருப்பதை வாசிக்கும்வரை பொறுத்திருப்பதில்லை.

நம் நாட்டில் அந்தரங்க உரிமையின் சரித்திரம் இரவில் கதவைத் தட்டிய போலீஸாரிடமிருந்து தொடங்குகிறது எனலாம். உத்தரப் பிரதேசத்தில், கொள்ளை வழக்கொன்றில் சாட்சியமில்லாமல் விடுவிக்கப்பட்ட பின்னரும் போலீஸ் கண்காணிப்பில் வைக்கப்பட்டிருந்த கரக் சிங் தொடுத்த வழக்கில், 1962-இல் உச்ச நீதிமன்றம் நள்ளிரவு வீட்டுச் சோதனையை மட்டும் ரத்து செய்து, அந்தரங்கம் அரசியல் சாஸனம் உத்தரவாதம் செய்த உரிமையன்று என்று கூறியது. நீதிபதி சுப்பா ராவ் அன்றைக்கே அதற்கு மாறுபட்டு எழுதினார். ஒருவனைச் சதா கவனித்துக்கொண்டிருப்பதே அவன் மனத்துக்கு இடும் விலங்கு என்பது அவருடைய அபிப்பிராயத்தின் சாரம். அந்தச் சிறுபான்மைக் குரல் சட்டமாவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஏகமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். அவர்களுள் ஒருவரும், முன்பு சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவருமான சஞ்சய் கிஷன் கௌல், இணையத்தின் ஞாபகத்திலிருந்து விடுபட்டு மனிதன் திருந்தி வாழ்வதற்கு இடம் வேண்டும் என்பதையும் தம் தனித் தீர்ப்பில் விரிவாக எடுத்துப் பேசினார்.

தீர்ப்பில் ஏறி இணையத்தில் நிற்கும் பெயரைப் பற்றிய இந்தப் பிரச்னை பின்னர் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலை பெற்ற ஒருவர், தீர்ப்பில் தம் பெயர் நிற்பதால் தாம் படும் துன்பத்தைச் சொல்லி, அதை நீக்கவேண்டுமென்று கோரினார். தொடக்கத்தில் அவரிடம் அனுதாபம் காட்டிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், முடிவில், 2021 ஆகஸ்டில், இதற்கான அளவுகோல்களைச் சட்டமியற்றும் சபையே வகுக்கவேண்டும், விதியில்லாமல் நீதிமன்றங்கள் தம் ஆவணங்களைத் திருத்தத் தொடங்கினால் குழப்பமே விளையும் என்று மனுவைத் தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அடங்கிய அமர்வோ அதை மாற்றி, பெயரை மறைக்கும்படியும், ‘இந்தியன் கானூன்’ என்னும் சட்ட இணையதளம் அந்தத் தீர்ப்பை நீக்கும்படியும் உத்தரவிட்டது. தீர்ப்பு என்பது பொது ஆவணமாயிற்றே, அதையே எடுத்துவிடச் சொன்னால் விளைவு என்னாகும் என்று கேட்டு, அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

இதற்கிடையில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எதிர்பார்த்த சட்டமும் வந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தன்னைப் பற்றிய தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையையும் பிரஜைக்கு அளிக்கிறது. ஆனால் நீதிமன்றங்கள் தம் நீதிப் பணிக்காகக் கையாளும் தரவுக்கு முக்கியமான விலக்குகளை அளித்து, சட்டக் கடமையால் பகிரங்கமாக்கப்பட்ட தரவைத் தன் வரம்புக்கே வெளியில் நிறுத்திவிட்டது. ஆகவே, கடனுக்கு விண்ணப்பித்த செயலியிடம் கேட்கக்கூடிய பரிகாரத்தை, விடுதலையானவர் தம் பெயரைத் தாங்கிய தீர்ப்பின் விஷயத்தில் கேட்பதற்கு அந்தச் சட்டத்தில் தெளிவான மார்க்கம் இல்லை. இதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

ஐரோப்பாவில் இதே போன்றதொரு வழக்கு வேறு விதமாகத் தீர்க்கப்பட்டது. 1998-இல் ஸ்பெயின் நாட்டு நாளேடொன்றில் கடனுக்காக வெளிவந்த ஏல அறிவிப்பு, கடன் தீர்ந்து பல வருஷங்களான பின்னும் கூகுளில் தம் பெயரைத் தேடும்போதெல்லாம் தோன்றுகிறதென்று ஒருவர் முறையிட்டார். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், நாளேட்டின் பழைய பக்கம் இருந்த இடத்தில் இருக்கலாமென்றாலும், பெயரைக் கொண்டு தேடுகையில் அந்தச் சுட்டியைக் காட்டாதிருக்கும் கடமை தேடுபொறிக்கு உண்டென்று விதித்தது. ஆவணத்தையும் அதைத் தேடி எடுக்கும் வசதியையும் பிரித்துப் பார்த்த அந்த விவேகம் நமக்கும் பயன்படும்.

பகிரங்க விசாரணை என்பது நீதிபதிகளையும் போலீஸாரையும் மக்கள் கண்காணிக்கும் வழி. அதைக் குறைக்கும் எதையும் நான் ஆதரிக்கமாட்டேன். பதவியிலிருப்பவரும் செல்வாக்குள்ளவரும் தம் வழக்குகளை மறைத்துக்கொள்ள, பெயரை நீக்கக் கோரும் இந்த உரிமையைத் தேடி வருவார்கள் என்ற அச்சமும் நியாயமானதே. அவர்களுக்கு இது கிடைக்கலாகாது. ஆயினும் விடுதலையான சாமானியரின் வழக்கில், நீதிபதியின் தர்க்கமும் சாட்சியத்தின் அலசலும் ஒரு வரி குறையாமல் இணையத்தில் நிற்கட்டும், அசல் ஆவணம் பெயரோடு நீதிமன்றத்தில் இருக்கட்டும், இணையப் பிரதியில் மட்டும் பெயர் இருந்த இடத்தில் ஓர் எழுத்து இருக்கட்டும் என்று சொல்வதில் சட்ட அறிவுக்கு எந்த நஷ்டமும் இல்லை. பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களையும் குழந்தைகளையும் பற்றிய வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் பெயரை மறைத்தே தீர்ப்பு எழுதிவருகின்றன. அதற்கான பழக்கமும் அலுவலக ஏற்பாடும் அவற்றிடம் ஏற்கனவே இருக்கின்றன.