நோய்க் குறிப்பும் மரபணுக் குறிப்பும்

தோட்டப் பள்ளியில் பல ஆண்டுகள் பதிவேடு எழுதியவர்களுக்கு ஒரு தொல்லை நன்றாகத் தெரியும். ஒரே பையன் பிறப்புப் பத்திரத்தில் சுப்ரமணியம், கிளினிக் அட்டையில் சுப்பிரமணியன், நம் ஏட்டில் மணியம் என்று மூன்று ஆளாக நிற்பான். இது கிராணிமாரின் தலைவலி என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவன் ஒருவனுடைய தாயாருக்கு நேர்ந்தது அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

அந்த அம்மாளுக்குக் காக்கை வலிப்பு. கார்பமசெபின் என்னும் மாத்திரையைக் கொடுத்தார்கள். சில நாட்களில் காய்ச்சல், வாய்ப்புண், உடம்பெல்லாம் கொப்புளம். முன்பொரு முறை வேறோர் ஊரில் இதே மருந்து அவருக்குத் தடிப்பை உண்டாக்கி, நிறுத்தப்பட்டிருந்தது. அதற்குக் குறிப்பும் இருந்தது. ஆனால் அவர் பெயர் அங்கே வேறு எழுத்துக் கூட்டலில் இருந்தது. மருந்தின் பெயரோ கம்பெனி வைத்த வியாபாரப் பெயராக இருந்தது. உயிர் பிழைத்தார், கண் பார்வை மங்கிவிட்டது.

இதற்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்று பெயர். 1922-ல் அமெரிக்க மருத்துவர் இருவர் இதனை விவரித்தார்கள். ஆயிரம் பேருக்கு நன்மை செய்யும் மருந்து ஒருவருடைய தோலை மட்டும் ஏன் எரிக்க வேண்டும்? நோயாளியின் கட்டிலருகே எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாலும் இதற்கு விடை கிடைக்காது. இரத்தத்தைச் சோதிக்கும் கூடத்தில் மட்டும் தேடினாலும் கிடைக்காது. இரண்டு இடத்துக் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2004-ல் தைவான் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதைச் செய்தார்கள். நம் உடம்பில் எச்.எல்.ஏ. என்றொரு மரபணுக் குடும்பம் உண்டு. இது நம்முடையது, இது அந்நியம் என்று காவல் அணுக்கள் அடையாளம் காண உதவுவது அதுதான். கார்பமசெபினால் இந்நோய் கண்ட 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் அக்குடும்பத்தின் 'பி 15:02' என்னும் வகை இருந்தது. அதே மருந்தை உண்டு சுகமாக இருந்த 101 பேரில் மூவரிடமே இருந்தது. ஐரோப்பியரிடம் இவ்வகை மிக அரிது. ஆகவேதான் அங்கே பல்லாண்டு இம்மருந்தைக் கொடுத்து வந்தும் இவ்வுறவு வெளிப்படவில்லை.

பின்னர் தைவானில் 4,877 பேரை முன்கூட்டியே சோதித்து, இவ்வகை உள்ளவர்களுக்கு அம்மருந்தைத் தவிர்த்தார்கள். பழைய கணக்குப்படி சுமார் பத்துப் பேருக்கு நோய் வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. இம்முடிவு 2011-ல் வெளியாயிற்று. சிங்கப்பூர் 2013-ல் இச்சோதனையை வழக்கமான சிகிச்சை முறையாகவே ஆக்கிக்கொண்டது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இவ்வகை மரபணு உள்ளோர் அனைவருக்கும் நோய் வருவதில்லை. வலிப்பு மருந்தைத் தாமாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. சந்தேகம் இருப்பவர்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

நூறு பேருடைய குறிப்புகளைக் கையால் ஒப்பிடலாம். இலட்சம் பேருக்குக் கணிப்பொறி வேண்டும். அந்த யந்திரமோ நம் கிராணியைவிடக் கண்டிப்பானது. மணியமும் சுப்ரமணியமும் ஒருவரே என்று அதற்குத் தானாகத் தெரியாது. ஆதலால் மருந்துக்கும் நோய்க்கும் உலகப் பொதுக் குறியீடுகள் உண்டு. கார்பமசெபினை எந்தக் கம்பெனி எந்தப் பெயரில் விற்றாலும் குறியீடு 'என் 03 ஏ எஃப் 01' தான். ஆளுக்கும் ஓர் எண் வேண்டும். ஆராய்ச்சிக்குப் போகும்போது பெயரை நீக்கி வேறோர் இரகசிய எண்ணைத் தருவது முறை.

நம் நாட்டிலும் இவ்வேலை நடக்கிறது. மலேசியத் தேசியப் பல்கலைக் கழகத்தின் 'மலேசியன் கோஹோர்ட்' திட்டம் 106,527 பேருடைய நோய் வரலாற்றையும் இரத்த மாதிரியையும் ஒருங்கே சேர்த்து வைத்திருக்கிறது. இங்கே கெலுகோரில், மலேசிய அறிவியல் பல்கலைக் கழகத்துத் தேசிய விஷ மையத்தில், மருந்தும் நஞ்சும் பற்றி வரும் விசாரணைகள் பதிவாகின்றன.

இவற்றில் நாம் எவ்விதம் இடம் பெறுகிறோம் என்பதே என் கவலை. 2009-ல் இந்தியாவில் இந்நோய் கண்ட எட்டுப் பேரைச் சோதித்ததில் ஆறு பேரிடம் 'பி 15:02' இருந்தது. எட்டுப் பேர் என்பது மிகச் சிறு தொகை. தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி அனைவரையும் பாரத்தில் 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்தில் அடைக்கிறோம். மரபணு வகைகளோ சமூகத்துக்குச் சமூகம் மாறுகின்றன. 2009-ல் வெளிவந்த சிங்கப்பூர் மரபணு ஆய்வில் 268 பேரில் இந்தியர் 83 பேர் இருந்தனர். பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழரின் மரபணுக்கள் சர்வதேச 'ஆயிரம் ஜீனோம்' திட்டத்தில் சேர்ந்துள்ளன. தோட்டங்களில் பிறந்த நம்மவரோ, இரத்தம் கேட்டால் பயந்து விலகிவிடுகிறோம். பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. எதற்கென்று எவரும் நம் மொழியில் விளக்கிச் சொல்வதில்லை.

அந்த அம்மாளின் மகன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். தாயின் மரபணுவில் பாதி அவனிடம் உண்டு. அவனுடைய கிளினிக் அட்டையில் தாய்க்கு ஒவ்வாத மருந்தின் பெயரை, வியாபாரப் பெயரை அல்ல, உண்மைப் பெயரை எழுதச் சொல்லி அனுப்பினேன். எங்கள் சேர்க்கை ஏட்டிலும் முதல் கட்டத்தில் பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணை எழுதுகிறோம்; பெயர் இரண்டாவது கட்டத்துக்குப் போய்விட்டது.